தோற்ற வாக்குகளின் வரலாறு: பூனா நகராட்சியில் ஜோதிராவ் புலே

ஜோதிராவ் புலேயை நாம் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறோம். 1848இல் சாவித்ரிபாயுடன் இணைந்து பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர், 1873இல் குலாம்கிரி நூலை எழுதியவர், அதே ஆண்டு சத்திய சோதக் சமாஜத்தை நிறுவியவர் என்றே அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்லப்படுகிறது. அவர் 1876 முதல் ஏறத்தாழ ஆறாண்டுகள் பூனா நகராட்சியின் உறுப்பினராகவும் இருந்தார். இந்தப் பகுதியைப் பற்றி நம் மேடைகளில் யாரும் அதிகம் பேசுவதில்லை. அதற்கான காரணத்தை ஊகிப்பது கடினமன்று. அந்த அவையில் அவர் எடுத்த முக்கியமான நிலைப்பாடுகள் தோற்றுப்போயின. தோல்விகளை விழாக்களில் கொண்டாடும் வழக்கம் நம்மிடம் இல்லை.

உள்ளாட்சிகளில் இன்று ஒதுக்கீட்டின் வழியே நுழையும் நம் தோழர்களுக்கு, புலேயின் வெற்றிகளைவிட இந்தத் தோல்விகளே நெருக்கமானவை. ஓர் அவையில் இருக்கை கிடைக்கிறது; பேசவும் இடம் கிடைக்கிறது; ஆனால் கையை உயர்த்தும்போது எண்ணிக்கை நம் பக்கம் இருப்பதில்லை. அத்தகைய உறுப்பினர் என்ன செய்ய இயலும் என்ற கேள்விக்குப் புலேயின் நகராட்சி வாழ்க்கை ஒரு விடையைத் தருகிறது. அந்த விடையை விளங்கிக்கொள்ள, அவர் அந்த அவைக்கு என்ன அனுபவத்தோடு வந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அவைக்கு வருவதற்கு முன்

புலே 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் பிறந்தார். மாலி என்னும் தோட்டக்காரச் சாதியைச் சேர்ந்த குடும்பம். தாய் சிம்னாபாய் அவர் குழந்தையாக இருந்தபோதே இறந்துபோனார். தந்தை கோவிந்தராவ் பூ, காய்கறித் தொழிலில் இருந்தார். பேஷ்வாக்களின் ஆட்சி 1818இல் முடிந்துவிட்டபோதிலும், அந்த ஆட்சி நிலைநிறுத்திய சாதி ஒழுங்கு பூனாவின் தெருக்களில் அப்படியே நீடித்தது. ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் 1841 முதல் 1847 வரை படித்த புலே, 1848இல் பிராமண நண்பர் ஒருவரின் திருமண ஊர்வலத்தில் நடந்து சென்றபோது, சூத்திரன் எங்களோடு சமமாக நடப்பதா என்று அவமதிக்கப்பட்டார். அந்த ஆண்டே அவர் பள்ளி தொடங்கினார்.

பள்ளி நடத்தியதற்காக, ஊராரின் நெருக்குதலுக்கு அஞ்சிய தந்தை 1849இல் மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். அதன்பின் மகர், மாங்கு உள்ளிட்ட தீண்டத்தகாதோர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் அவர்கள் பள்ளிகள் நடத்தினர். 1852 நவம்பரில் ஆங்கில அரசு விசிராம்பாக் வாடாவில் விழா எடுத்துப் புலேயைச் சிறப்பித்தது. ஆனால் சால்வையைக் கொண்டு பள்ளிக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. 1857க்குப் பின் நன்கொடைகள் வற்றின. சில ஆண்டுகளுக்குள் அந்தப் பெண்கள் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வி என்பது நல்லெண்ணத்தால் மட்டும் நிற்காது, அதற்குப் பொதுப் பணத்தில் நிலையான பங்கு வேண்டும் என்பதைப் புலே புத்தகத்திலிருந்து கற்கவில்லை. தாம் திறந்த பள்ளிகள் மூடப்பட்டதைக் கண்டு கற்றார்.

இரண்டாவது அனுபவம் தண்ணீர். 1868இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டத்தகாதோர் எனப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார். நகரில் பொதுக்கிணறுகளும் குளங்களும் இருந்தன. அவற்றில் பொது என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. தம் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்த ஒரே தொட்டியை அவர் திறந்தார். நகரத்தின் நீர்நிலைகளை முடிவு செய்யும் அதிகாரம் வேறோர் அவையிடம் இருந்தது.

மூன்றாவது அனுபவம் ஒப்பந்தத் தொழில். புலே வறுமையில் வாடிய துறவி அல்லர். பொதுப்பணிகளுக்குப் பொருள்கள் வழங்கும் ஒப்பந்தக்காரராக இருந்தார். பூனாவை அடுத்த கடக்வாஸ்லா அணைப் பணிகளோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. அரசுப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்தக் கைகளைக் கடந்து செல்கிறது, வேலை நடக்குமிடத்தை அடையும்போது எவ்வளவு எஞ்சுகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தார். பின்னர் விவசாயியின் சாட்டை என்ற நூலில் அதிகாரிகளின் சுரண்டலை அவ்வளவு நுணுக்கமாக எழுத முடிந்ததற்கு இந்தத் தொழிலறிவும் ஒரு காரணம். வரவுசெலவுக் கணக்கை வாசிக்கத் தெரிந்த ஒருவராகவே அவர் நகராட்சிக்குள் நுழைந்தார்.

நியமனத்தால் நிரம்பிய அவை

அன்றைய நகராட்சியை இன்றைய நகராட்சியைப் போல நினைத்துக்கொள்ளக் கூடாது. பூனாவில் நகராட்சி 1850களின் இறுதியில் அமைந்தது. புலே உறுப்பினரான காலத்தில் 1873ஆம் ஆண்டின் பம்பாய் மாவட்ட நகராட்சிச் சட்டம் நடைமுறையில் இருந்தது. உறுப்பினர்களை அரசு நியமித்தது. மக்கள் வாக்களித்து யாரையும் அனுப்பவில்லை. நகரத்தின் செல்வந்தர்கள், பட்டம் பெற்றோர், அரசுக்கு வேண்டியவர்கள் ஆகியோர் அங்கே அமர்ந்தனர். மகர், மாங்கு மக்களின் குடியிருப்புகள் நகரின் விளிம்பில் இருந்தன. ஆனால் நகருக்குள் வரும் பொருள்கள்மீது விதித்த வரியின் சுமை ஏழையின் அடுப்படி வரைக்கும் சென்றது.

இத்தகைய அவையில் அரசால் நியமிக்கப்பட்ட ஒருவரிடம் எதிர்பார்க்கப்பட்டது நன்றியுணர்வு. நியமித்த கை திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். அதுமட்டுமன்றி, புலே அரசுப் பணிகளில் தொழில் தொடர்பு உடையவர். அவர் மௌனமாக இருப்பதற்கான காரணங்கள் எல்லாமே அவரிடம் இருந்தன. அவர் அளித்த எதிர்ப்பு வாக்கின் எடையை இந்தப் பின்னணியில் வைத்தே நாம் மதிப்பிட வேண்டும்.

ஆயிரம் ரூபாய்

வைஸ்ராய் லிட்டன் பிரபு பூனாவுக்கு வரவிருந்தார். அவரை வரவேற்க நகரை அலங்கரிப்பதற்காக ஆயிரம் ரூபாய் செலவிட அனுமதி கேட்டு நகராட்சியில் தீர்மானம் வந்தது. வைஸ்ராய் வரும்போது தோரணம் கட்டுவதை யார் எதிர்ப்பார்கள்? அவையில் இருந்த 32 நியமன உறுப்பினர்களில் புலே ஒருவரே எதிர்த்து வாக்களித்தார். அந்தப் பணத்தைப் பூனாவின் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிட வேண்டும் என்பது அவர் வாதம். தீர்மானம் நிறைவேறியது. தோரணமும் கட்டப்பட்டது.

லிட்டன் யார் என்பதையும் நினைவுபடுத்திக்கொள்வோம். 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சம் தக்காணத்தையும் சென்னை மாகாணத்தையும் சூறையாடிக்கொண்டிருந்தபோது, 1877 சனவரியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் ஆடம்பர தர்பார் நடத்தியவர் அவர். 1878இல் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. அதே பஞ்சத்தில் சத்திய சோதக் சமாஜத் தோழர்கள் கிராமங்களில் நிவாரணப் பணி செய்தனர். 1877 ஏப்ரலில் ஜுன்னர் பகுதியின் ஓதூரிலிருந்து சாவித்ரிபாய் கணவருக்கு எழுதிய கடிதம் அந்த நாட்களின் கொடுமைக்குச் சான்றாக இருக்கிறது. பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய கை, வைஸ்ராயின் வரவேற்பு வளைவுக்காக உயர மறுத்தது. அந்த வாக்கு தனிமனிதத் துணிச்சல் மட்டுமன்று. அவைக்கு வெளியே அவர் செய்துகொண்டிருந்த வேலையின் தொடர்ச்சியும் ஆகும்.

இங்கே புலே வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை என்பதை நாம் உற்றுநோக்க வேண்டும். அதே தொகையைச் செலவிட வேறோர் இடத்தைக் காட்டினார். வெறும் மறுப்பாக இருந்திருந்தால், அவை அவரைக் கஞ்சன் என்றோ அரச விசுவாசம் இல்லாதவர் என்றோ ஒதுக்கிவிட்டுப் போயிருக்கும். மாற்றுச் செலவை முன்வைத்ததால், பெரும்பான்மை இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டது. அலங்காரத்துக்கு ஆதரவாகக் கையுயர்த்திய ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு எதிராகவும் கையுயர்த்தினர். வரலாற்றில் அந்த வாக்கு இன்றும் அப்படித்தான் வாசிக்கப்படுகிறது.

சாராயக்கடையும் சந்தையும்

அடுத்தது மதுக்கடைப் பிரச்சினை. அரசு தன் வருவாய்க்காக உரிமங்கள் வழங்கியதால் பூனாவில் மதுக்கடைகள் பெருகின. 1880 சூலையில் புலே, நகராட்சி நிர்வாகக் குழுவின் பொறுப்புத் தலைவராக இருந்த பிளங்கெட்டுக்குக் கடிதம் எழுதினார். நகரின் சுகாதாரத்துக்காக நகராட்சி பெரும்பணம் செலவிடுகிறது. அதே நகரில் மக்களின் உடலையும் குடும்பத்தையும் கெடுக்கும் கடைகள் பெருகுகின்றன. இவை இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பது அக்கடிதத்தின் சாரம். குறைந்தபட்சம் அக்கடைகள்மீது நகராட்சி வரி விதிக்க வேண்டும் என்ற யோசனையையும் அதில் சேர்த்தார்.

உரிமம் வழங்கும் அதிகாரம் நகராட்சிக்கு இல்லை என்பது புலேக்குத் தெரியும். அதிகாரம் இல்லை என்பதைக் காரணம் காட்டி அவை நழுவிவிடும் என்பதும் தெரியும். ஆகவேதான் நகராட்சியின் சொந்த அதிகார எல்லைக்குள் வரும் ஒரு கோரிக்கையைக் கண்டுபிடித்து வைத்தார். அது வரி. முழுக் கோரிக்கையும் கிடைக்காத இடத்தில், மறுக்கக் காரணம் கிடைக்காத சிறு கோரிக்கையை வைப்பது சமரசம் ஆகாது. நழுவும் வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கும் செயல் அது. கடைகள் தொடர்ந்து நடந்தன என்பது வேறு செய்தி. ஆயினும் பேச்சு காற்றில் கரைந்துபோகாமல், தேதியிட்ட கடிதமாக ஆவணத்தில் தங்கியது.

மூன்றாவது, சந்தைக் கட்டடம். பூனாவின் காய்கறிச் சந்தை சனிவார் வாடாவின் முன்வெளியில் நடந்துவந்தது. அதற்காகக் கோபுரத்தோடு கூடிய பெரிய கட்டடம் எழுப்ப நகராட்சி முனைந்தது. செலவு ஏறத்தாழ மூன்று இலட்சம் ரூபாய். புலேயும் அவருடைய நண்பரும் சக உறுப்பினருமான ஹரி ராவ்ஜி சிப்ளுங்கரும் இத்திட்டத்தை எதிர்த்தனர். கட்டடத்தைவிட மக்களின் கல்விக்கு அந்தப் பணம் தேவை என்பதே அவர்கள் வாதம். காய்கறியும் பூவும் பயிரிடுவது மாலி சாதியின் தொழில். சந்தை நன்றாக அமைந்தால் தம் சாதிக்கு நல்லது என்று பேசியிருந்தால் புலேக்குச் சொந்தச் சாதியில் செல்வாக்குக் கூடியிருக்கும். அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை. இந்த எதிர்ப்பும் தோற்றது. கட்டடம் 1886இல் திறக்கப்பட்டு, ஆளுநர் ரே பிரபுவின் பெயரைப் பெற்றது.

வரவேற்பு அலங்காரத்தில் அவர் தனியாக நின்றார். சந்தைப் பிரச்சினையில் இருவராக நின்றனர். அதனால் முடிவு மாறிவிடவில்லை. ஆனால் சிறுபான்மை உறுப்பினருக்கு இரண்டாவது கை எவ்வளவு தேவை என்பதை அவையில் அமர்ந்தவர்கள் அறிவார்கள். முன்மொழிபவருக்கு வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் பல அவைகளில் விவாதமே நடவாது.

தோல்வியை எடுத்துச் சென்ற இடம்

இனித்தான் இந்த வாழ்க்கையின் முக்கியமான திருப்பம் வருகிறது. 1882இல் இந்தியக் கல்வி நிலையை ஆராய ஹண்டர் ஆணையம் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 19ஆம் நாளிட்டுப் புலே அதற்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் கீழே தம்மை வணிகர், விவசாயி என்று குறிப்பிட்டதோடு நகராட்சி உறுப்பினர் என்றும் குறிப்பிட்டுக் கையொப்பமிட்டார். எந்த அவை அவர் பேச்சைக் கேட்க மறுத்ததோ, அந்த அவையின் உறுப்பினர் என்ற தகுதியையே அதைவிடப் பெரிய அவையின் முன் பேசுவதற்கான உரிமைச் சீட்டாக அவர் பயன்படுத்திக்கொண்டார்.

அந்த அறிக்கையின் உள்ளடக்கம் நமக்குத் தெரிந்ததே. அரசின் வருவாயில் பெரும்பகுதி உழைக்கும் விவசாயிகளின் வியர்வையிலிருந்து வருகிறது. அந்தப் பணத்தில் உயர்சாதியினருக்கே உயர்கல்வி அளிக்கப்படுகிறது. மேலே இருப்பவர்கள் படித்தால் அறிவு தானாகக் கீழே வடியும் என்ற கொள்கை பொய்த்துவிட்டது. குறைந்தது பன்னிரண்டு வயதுவரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும். சாதித் தடையால் பள்ளிக்குள் அமர முடியாத மகர், மாங்கு பிள்ளைகள் போதிய எண்ணிக்கையில் உள்ள இடங்களில் அவர்களுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும். ஆசிரியர்கள் உழவர் குடிகளிலிருந்தும் வர வேண்டும். பாடத்தில் கணக்கும் வேளாண்மையும் உடல்நலமும் இடம்பெற வேண்டும் என்றெல்லாம் அவர் வாதிட்டார்.

நம் கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமான பகுதி ஒன்று அதில் உண்டு. பெரிய நகரங்களில் தொடக்கப் பள்ளிகளுக்கான செலவை நகராட்சிகள் ஏற்க வேண்டும். ஆனால் அவற்றின் நிர்வாகத்தை முழுவதுமாக நகராட்சிகளிடம் ஒப்படைக்கக் கூடாது, கல்வித் துறையின் மேற்பார்வை வேண்டும் என்று புலே வற்புறுத்தினார். ஆறாண்டு நகராட்சி அனுபவம் பேசும் இடம் இது. பணத்தைக் கொடுக்கச் சொன்னால் அலங்காரத்துக்குக் கொடுக்கும் அவையிடம், யார் பிள்ளை பள்ளியில் அமரலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளூர் என்பதாலேயே ஓர் அமைப்பு மக்களாட்சித் தன்மை உடையதாகிவிடாது. உள்ளூரில் சாதிக்கு இருக்கும் பிடி தலைநகரில் இருப்பதைவிட இறுக்கமானது. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களை மறுத்து அம்பேத்கர் எழுப்பிய எச்சரிக்கைக்கு அறுபத்தாறு ஆண்டுகள் முன்பே இதன் வித்து புலேயிடம் இருந்தது.

ஹண்டர் ஆணையம் என்ன செய்தது? தொடக்கக் கல்வியின் பொறுப்பை மாவட்ட, நகர வாரியங்களிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. கட்டாயக் கல்வி ஏற்கப்படவில்லை. அந்தப் பெரிய அவையிலும் புலே தோற்றார்.

வாக்கெடுப்பு முடிந்த பிறகு

அவர் வாழ்நாள் முடியும்வரை இந்தத் தோல்விகள் தொடர்ந்தன. 1888 மார்ச்சில் கன்னாட் கோமகனுக்கு ஹரி ராவ்ஜி சிப்ளுங்கர் அளித்த விருந்துக்குப் புலே ஏழை விவசாயியின் உடையில் சென்றார். பட்டும் நகையும் அணிந்து அங்கே அமர்ந்திருப்பவர்கள் இந்தியாவின் பிரதிநிதிகள் அல்லர், உண்மையான மக்களைக் காண வேண்டுமானால் கிராமங்களுக்குச் செல்ல வேண்டும் என்ற பொருளில் அரசகுடும்ப விருந்தினரிடமே பேசினார். லிட்டன் வருகையின்போது வாக்கால் சொன்னதை இம்முறை உடையாலும் சொன்னார். அதே ஆண்டு மே 11ஆம் நாள் பம்பாய் மக்கள் அவருக்கு மகாத்மா என்ற பட்டம் அளித்தனர். சில வாரங்களில் பக்கவாதம் தாக்கி வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகி, பொதுச் சத்திய தர்ம நூலை முடித்தார்.

1890 நவம்பர் 28ஆம் நாள் அவர் மறைந்தார். தம்மை எரிக்காமல் வீட்டருகே புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். குடியிருப்புப் பகுதியில் புதைக்க நகராட்சி அனுமதி தரவில்லை. அவர் அமர்ந்த அவையிடம் அவர் சார்பில் வைக்கப்பட்ட கடைசிக் கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டது. இறுதிச் சடங்கில் சட்டியேந்தி முன்னே நடந்து, சாவித்ரிபாயே எரியூட்டினார்.

அவர் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அவை மாறவில்லை. 1925இல் புலேக்குச் சிலை வைக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பிராமணரல்லாத உறுப்பினர்கள் பூனா நகராட்சிக்குக் கொண்டுவந்தனர். பெரும்பான்மை அதைத் தோற்கடித்தது. அந்தக் கொதிப்பில் தினகர்ராவ் ஜவள்கர் எழுதிய தேசாசே துஷ்மன் என்னும் நூல் வெளிவந்து வழக்கானது. கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களுக்காக 1926இல் மேல்முறையீட்டில் வாதாடி விடுதலை பெற்றுத் தந்த வழக்கறிஞர், அம்பேத்கர். புத்தர், கபீர், புலே ஆகிய மூவரையும் தம் ஆசான்களாக ஏற்றவர் அவர். சூத்திரர்கள் யார் என்ற தம் நூலை 1946இல் புலேக்கே காணிக்கையாக்கினார். ஒரு நகராட்சித் தீர்மானத்தின் தோல்வி, மராட்டிய பிராமணரல்லாதார் இயக்கத்தையும் அம்பேத்கரையும் ஒரே நீதிமன்றத்தில் சந்திக்க வைத்தது.

1938இல் அந்த ரே சந்தைக்கு மகாத்மா புலே சந்தை என்று பெயர் மாற்றப்பட்டது. எந்தக் கட்டடத்தைக் கட்ட வேண்டாம் என்றாரோ அந்தக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதை வெற்றி என்பதா? பெயர் சூட்டுவது செலவில்லாத மரியாதை. அவர் கேட்டது பெயர்ப்பலகை அன்று, பள்ளிக்கான பணம். ஆறு முதல் பதினான்கு வயதுவரையிலான பிள்ளைகளின் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். புலேயின் அறிக்கைக்கும் அதற்கும் இடையே கழிந்தவை 127 ஆண்டுகளுக்கும் மேல்.

நமக்குரிய பாடம்

நிறைவேறிய தீர்மானங்களும் தாமாக நடந்துவிடுவதில்லை என்பதை மகாடு நமக்குச் சொல்கிறது. சவுதார் குளத்தை அனைவருக்கும் திறப்பதாக அந்த நகராட்சி 1924 சனவரியில் தீர்மானித்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சென்று நீரருந்தும்வரை அது வெறும் காகிதமாகவே கிடந்தது. அருந்திய பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. ஆகவே வாக்கெடுப்பின் முடிவை வைத்து மட்டும் அரசியலை அளக்க முடியாது. தோற்ற தீர்மானத்துக்கு வாழ்வு கொடுப்பதும், வென்ற தீர்மானத்துக்குச் சாவு நேராமல் காப்பதும் அவைக்கு வெளியே உள்ள மக்களின் திரட்சிதான்.

தமிழ்நாட்டில் 1996 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் நடந்தவற்றை நாம் மறக்கவில்லை. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்காகவே மேலவளவில் 1997 சூன் 30ஆம் நாள் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி போன்ற ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தலே நடக்கவிடவில்லை. அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் நமக்கு இருக்கையைத் தந்தன. அந்த இருக்கையில் அமர்ந்தவரின் தீர்மானத்துக்கு வழிமொழிய ஒருவரைத் தரும் சட்டம் எதுவும் இல்லை.

ஆகவே புலேயின் நடைமுறையிலிருந்து சிலவற்றை நாம் எடுத்துக்கொள்ளலாம். எதிர்க்கும்போது பணத்துக்கு மாற்று இடத்தைக் காட்ட வேண்டும். சேரிக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வதைவிட, விழா வளைவுக்கு ஒதுக்கிய தொகையைச் சொல்லி, அதே தொகைக்குக் குழாயைக் கேட்பது வலிமையானது. தோற்றாலும் வாக்கு நடவடிக்கைக் குறிப்பில் பதிவாக வேண்டும். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்ற பெயர்களோடு பதிவாக வேண்டும். பதியாமல் விட்டால் தேதியிட்ட கடிதத்தால் அதை ஈடுசெய்ய வேண்டும். தீர்மானப் புத்தகத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் யாரும் கேட்டுப் பெறலாம். இந்த வேலையில் கல்லூரி மாணவர்கள் உறுப்பினர்களுக்குத் துணைநிற்க முடியும். ஓர் அவை மறுத்ததை அடுத்த அவைக்கு, கிராமசபைக்கு, ஆணையத்துக்கு, நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவைக்கு வெளியே ஓர் இயக்கம் வேண்டும். 1876இல் நகராட்சிக்குள் நுழையும்போது புலேயின் பின்னால் மூன்றாண்டு வயதுள்ள சத்திய சோதக் சமாஜம் நின்றது. அது இல்லாதிருந்தால் 32 பேரில் அவர் வெறும் ஒருவராகவே இருந்திருப்பார்.

புலேக்கும் ஓர் எல்லை இருந்தது. மக்கள் அனுப்பாத, அரசு நியமித்த இருக்கையிலிருந்தே அவர் மக்களுக்காகப் பேச வேண்டியிருந்தது. நமக்கு அந்த எல்லை இல்லை. நம்மை மக்கள் அனுப்புகிறார்கள். அவரிடம் இல்லாத வாக்குரிமை நம்மிடம் இருக்கும்போது, அவர் காட்டிய பிடிவாதத்தில் பாதியாவது நம்மிடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.